மூன்று தொடர் பார்க்க மூன்று தளத்துக்கு வருடச் சந்தாவா?

கேள்வி: கோவையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு உட்கார இரவு ஒன்பதரை ஆகிவிடும். அறிவியல் புனைகதை, மர்மத் தொடர் என்றால் எனக்கு உயிர். ‘டார்க்’, ‘செவரன்ஸ்’, ‘சுழல்’ மூன்றையும் பார்க்க ஆசை. மூன்று தளத்துக்கும் மொத்தமாக வருடச் சந்தா கட்டிவிடலாமா? இன்னொன்று, ஒரு தளத்தின் ஆப்பை போனிலிருந்து நீக்கிய பிறகும் மாதாமாதம் பணம் போகிறதே, ஏன்?

பதில்: மொத்தமாகக் கட்ட வேண்டாம். மர்மத் தொடர் என்பது முடிச்சு அவிழ்ந்ததும் முடிந்துபோகிற சமாச்சாரம், அதற்கு ஒரு மாதம் போதும். ஒரு நேரத்தில் ஒரு தளம், பார்த்து முடித்ததும் அடுத்தது.

‘செவரன்ஸ்’ இரண்டு சீசனும் சேர்த்து 19 எபிசோடுதான், ஆப்பிள் டிவி மாதம் 99 ரூபாய். முதலில் இதைப் பாருங்கள். லிஃப்டில் இறங்கியதும் ஆபீஸ் நினைவே இல்லாமல் போகிற ஆட்களின் கதை. ஒரே ஆள்தான், ஆனால் வெளியே இருப்பவருக்கு வேலையே தெரியாது, உள்ளே இருப்பவருக்கோ லிஃப்ட் கதவு மூடித் திறந்தால் மறுபடி அதே ஆபீஸ், நடுவில் வீடும் கிடையாது தூக்கமும் கிடையாது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற உங்களுக்கு இது மற்றவர்களைவிட ஆழமாகவே உறைக்கும்.

‘டார்க்’ வேறு ரகம். 26 எபிசோடு, ஒரே ஊரின் ஆட்களை 1953, 1986, 2019 என்று மாற்றி மாற்றிக் காட்டுவார்கள், ஒரே ஆளுக்கு வயதுக்கு ஒரு நடிகர். வாட்ஸ்அப்பை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் யாருடைய சின்ன வயசு யார் என்ற நூல் விட்டுப்போகும். நெட்ஃபிளிக்ஸில் 149 ரூபாய் மொபைல் திட்டம் மலிவுதான், ஆனால் போனிலும் டேப்லட்டிலும் மட்டுமே ஓடும், படமும் 480பி என்கிற குறைந்த தெளிவுதான். இருட்டிலேயே நடக்கிற இந்தத் தொடரில் முகம் தெரியாவிட்டால் கதையே தெரியாது. 50 ரூபாய் கூடப் போட்டு 199 திட்டம் எடுத்து டிவியில் பாருங்கள், அதுவும் நாலைந்து நாள் லீவு சேர்ந்து வருகிற மாதமாகப் பார்த்து.

‘சுழல்’ இருக்கிற அமேசான் பிரைமில் மாதம் 299, வருடம் 1499. அதாவது ஐந்து மாதத்துக்கு மேல் பார்ப்பவருக்கு, அல்லது அமேசானில் அடிக்கடி பொருள் வாங்குகிற வீட்டுக்குத்தான் வருடச் சந்தா கட்டுப்படியாகும். 2025 ஜூனிலிருந்து நடுவில் விளம்பரமும் வருகிறது, அது வேண்டாமென்றால் மாதம் 129 தனி. காசு வாங்கிக்கொண்டு விளம்பரமும் போடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, சஸ்பென்ஸ் தொடரில் அது பார்ப்பவரின் கவனத்தையே கெடுக்கிறது.

சரி, பணம் போகிற விஷயம். ஆப்பை நீக்கினால் சந்தா ரத்தாகாது, ஏனென்றால் நீங்கள் கொடுத்த ஆட்டோபே அனுமதி, அதாவது மாதாமாதம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் அனுமதி, வங்கியில் அப்படியே இருக்கிறது. அந்தத் தளத்தின் கணக்குப் பக்கத்துக்குப் போய் ரத்து செய்யுங்கள், அப்புறம் உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து அந்தப் பெயர் இன்னும் இருந்தால் அங்கேயும் நீக்கிவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படிப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். விளம்பர எஸ்எம்எஸ் கூட்டத்தில் அதைத்தான் நாம் பார்க்காமல் தள்ளிவிடுகிறோம். நெட்ஃபிளிக்ஸில் பணம் கட்டிய அன்றே ரத்து செய்தாலும் அந்த மாதம் முழுக்கப் பார்க்கலாம், அதனால் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை.

ரத்து பட்டனை ஒளித்துவைத்துச் சுற்றவிடுகிறார்களா? ‘சந்தா பொறி’ என்று அதற்குப் பெயரிட்டு 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் கொடுங்கள். ரத்து செய்ததற்கு வரும் மின்னஞ்சலை மட்டும் அழித்துவிடாதீர்கள், கையில் இருக்கிற ஆதாரம் அதுதான்.