மலம் இறங்காத பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால்

கேள்வி: என் மகனுக்கு 26 நாள், 3.4 கிலோ. பிறந்து மூன்றாம் நாள்தான் முதல் மலம் போனது. பயொப்சி (குடலில் சிறு துண்டு வெட்டிச் செய்யும் பரிசோதனை) எடுத்துப் பார்த்து ஹர்ஷ்ஸ்பிரங் நோய் என்றார்கள். ஒப்பரேசன் செய்யும்வரை வீட்டில் நாளுக்கு இரண்டு தரம் ரியூப் வைத்துக் குடலைக் கழுவச் சொன்னார்கள். நேற்றிலிருந்து தானாகவே தண்ணியாய்ப் போகிறது. இனிக் கழுவத் தேவையில்லைத்தானே? கஷ்டமென்றால் வெற்றிலைக் காம்பு வைக்கலாம் என்கிறா அம்மம்மா. (ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய்)

பதில்: கழுவுவதை நீங்களாக விட வேண்டாம். அதைவிட அவசரம், பிள்ளையை இன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது. இந்த நோயுள்ள பிள்ளைக்குத் தண்ணியாய்ப் போனால் அடைப்பு விட்டுவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வரும். அங்கேதான் பிசகுகிறது.

குடலை இயக்கும் நரம்புக் கலங்கள் கருவிலே மேலிருந்து கீழாக இறங்கி, 12ஆம் கிழமை அளவில் மலவாசல்வரை வந்துசேர வேண்டும். உங்கள் மகனுக்கு அவை இடையில் நின்றுவிட்டன. கலமில்லாத கீழ்த்துண்டு தளராமல் இறுகியே கிடக்கிறது. மேலே மலமும் காற்றும் தேங்கிக் குடல் ஊதுகிறது. தேங்கியதில் கிருமி பெருகி உட்சுவர் புண்ணானால் சுவரிலிருந்து நீர் கசியும். பம்பேர்சில் நீங்கள் காணும் தண்ணி அந்த நீராக இருக்கலாம். இந்தக் குடலழற்சி சில மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் கிருமி பரவும் நிலைக்கும், குடல் ஓட்டையாகும் நிலைக்கும் போகக்கூடியது.

வழக்கமில்லாத கெட்ட நாற்றம், ரியூப் வைத்ததும் காற்றோடு பீறிட்டு வருதல், வயிறு பறைபோல் விறைத்தல், பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல், பச்சைச் சத்தி, மலத்தில் இரத்தம், 38 பாகைக்கு மேல் காய்ச்சல் இவற்றில் ஒன்று கண்டாலும் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இந்த வயதில் உடம்பு குளிர்ந்துபோவதும் காய்ச்சல் அளவுக்கு ஆபத்து. வயிறு ஊதிச் சத்தியும் இருந்தால் வழியில் பால் கொடுக்க வேண்டாம். பனடோல் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீர்கள். வயிற்றோட்டத்தை நிறுத்தும் மருந்து அடைப்பை இறுக்கிவிடும். ஜீவனி கரைத்துக்கொண்டு வீட்டில் காத்திருக்கிற வயிற்றோட்டமும் இல்லை இது. வைத்தியசாலையில் சேலைன் ஏற்றி, மெற்றோனிடசோல் போன்ற அன்ரிபயோட்டிக் ஊசி போட்டு, குடலைக் கூடுதல் தரம் கழுவுவார்கள்.

கழுவுவது பற்றி இன்னும் கொஞ்சம். வைத்தியசாலை தந்த 0.9 வீத சேலைன் மட்டுமே பாவிக்க வேண்டும். கிணற்றுத் தண்ணியோ கொதித்தாறிய தண்ணியோ கூடாது. ஊதிய குடல் அதை உறிஞ்ச, இரத்தத்தில் உப்புக் குறைந்து பிள்ளைக்கு வலிப்பு வரும். வீட்டில் உப்புக் கரைத்தால் அளவு பிழைக்கும். போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணிக்குள் வைத்துச் சேலைனை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். பொதுவான கணக்கு கிலோவுக்கு 10 முதல் 20 மி.லீ.; உங்கள் மகனுக்கு 34 முதல் 68 மி.லீ. உங்களுக்கு வேறு அளவு எழுதித் தந்திருந்தால் அதுதான் சரி. 10, 20 மி.லீ.யாக மெதுவாக விட்டு, சிரிஞ்சைக் கழற்றி ரியூப்பைத் தாழ்த்துங்கள். தானாக வடியட்டும், சிரிஞ்சால் இழுக்க வேண்டாம். விட்டதையும் வந்ததையும் எழுதுங்கள். விட்டது திரும்பாவிட்டால் மேலும் விடாதீர்கள். பெரும்பாலும் ரியூப் இறுகிய துண்டைத் தாண்டியிராது, அல்லது நுனி அடைபட்டிருக்கும். கழுவுமுன் தொப்புள்மட்டத்தில் வயிற்றின் சுற்றளவை நாடாவால் அளந்து குறித்தால், ஊதல் கூடுவது கண்ணுக்குத் தெரியுமுன் கொப்பியில் தெரியும்.

அம்மம்மா சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. வெற்றிலைக் காம்பு மலவாசலைத் தூண்டுவதால் கொஞ்சம் காற்றும் மலமும் வரும். ஆனால் மேலே தேங்கியது அப்படியே இருக்கும், புண்ணான குடலில் காம்பு கீறவும் கூடும். இந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்குப் போனதும், வாசலிலேயே "வயிற்றோட்டம்" என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். "ஹர்ஷ்ஸ்பிரங் பிள்ளை, ஒப்பரேசன் இன்னும் இல்லை, நேற்றிலிருந்து தண்ணியாய்ப் போகிறது" என்று சொல்லி, பயொப்சி அறிக்கையையும் கழுவிய கணக்குக் கொப்பியையும் கையில் கொடுங்கள்.