பள்ளி ஆண்டின் கடைசி ஐந்து வாரம்: எதை முதலில் கையில் எடுப்பது?

கேள்வி: மகள் எட்டாம் வகுப்பு, வயது 13. மகன் மூன்றாம் வகுப்பு, வயது 8. பள்ளி ஆண்டு முடிய இன்னும் ஐந்து வாரம்தான். தேர்வு, புராஜெக்ட், ஆண்டு விழா ஒத்திகை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறோம். தினமும் ராத்திரி சண்டையில்தான் முடிகிறது. எப்படிச் சமாளிப்பது?

பதில்: இன்று மாலை இரண்டு புத்தகப் பைகளையும் தரையில் கவிழ்த்துக் கொட்டுங்கள். அடியில் நாலாக மடித்துக் கசங்கிப்போன சுற்றறிக்கை ஒன்றாவது கிடைக்கும். உங்கள் ராத்திரிச் சண்டைகளில் பாதி அங்கேதான் கிடக்கிறது. வேலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அது கடைசி நாள் இரவு ஒன்பதரைக்குத் தெரியவருவதுதான் பெரிய தொல்லை. "அம்மா, நாளைக்கு சார்ட் வேணும்" என்று கேட்கும்போது கடை மூடியிருக்கும்.

கிடைத்த தேதிகளை எல்லாம் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். செல்போனில் வேண்டாம், பிள்ளைகள் கண்ணில் படாது. கொடுக்க வேண்டிய தேதியை மட்டும் எழுதுவதில் பயனில்லை, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். புராஜெக்ட் 20ஆம் தேதி என்றால் 18ஆம் தேதிக்குள் ஒட்டி முடிக்க வேண்டும், 15ஆம் தேதிக்குள் எழுதி முடிக்க வேண்டும், 12ஆம் தேதிக்குள் சார்ட் வீட்டில் இருக்க வேண்டும். 19 சும்மா இருக்கட்டும். அது எப்படியும் நிரம்பிவிடும். போன முறை இதே வேலை எவ்வளவு இழுத்தது என்று தெரிந்திருந்தும், இந்த முறை சீக்கிரம் முடித்துவிடலாம் என்றுதான் மனசு கணக்குப் போடும். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இதற்குத் 'திட்டமிடல் பிழை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதனால் மகள் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து படிப்பு. பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த நிம்மதியை நம்ப வேண்டாம். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் தெரிந்ததை எழுதச் சொல்லுங்கள். விட்டுப்போனதை மட்டும் திறந்து பார்த்தால் போதும். தினம் இருபது நிமிடம் இப்படிச் செய்தால் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கும் வேலை உங்களுக்கு மிச்சம்.

தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் சொன்ன அளவு. காலை ஆறு மணிக்கு எழ வேண்டும் என்றால் மகன் ஒன்பதுக்குள்ளும் மகள் பத்துக்குள்ளும் தூங்கியிருக்க வேண்டும். புராஜெக்ட் அரைகுறையாக நின்றாலும் விளக்கை அணைத்துவிடுங்கள். அரைத் தூக்கத்தில் ஒட்டியது எப்படியும் கோணலாகத்தான் இருக்கும். ஒரு நாள் தாமதமாகும் என்று இரண்டு நாள் முன்பே ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். அன்று காலையில் போய் நின்றால்தான் கோபம் வரும்.

அப்புறம் நீங்களும் உங்கள் கணவரும். "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்பது இந்த வாரங்களில் எடுபடாது. மகள் சம்பந்தப்பட்டது முழுக்க ஒருவருக்கு, மகன் சம்பந்தப்பட்டது முழுக்க மற்றவருக்கு. பள்ளி வாட்ஸ்அப் குழுவைப் பார்ப்பதும் அதில் சேர்த்தி. எல்லா நிகழ்ச்சிக்கும் இருவருமே போய் நிற்க வேண்டியதில்லை. பிள்ளை மேடை ஏறும் நாளுக்கு மட்டும் இருவரும் இப்போதே விடுப்பு சொல்லிவிடுங்கள்.

அந்த மேடைக்கான உடையையும் ஷூவையும் இந்த ஞாயிற்றுக்கிழமையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போன வருட ஷூ இந்த வருடம் காலில் ஏறுவது சந்தேகம்தான்.