மால்டா குளிர்காலம்: ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா?

கேள்வி: மால்டாவில் வேலை கிடைத்திருக்கிறது, நவம்பரில் கிளம்புகிறேன். ஜனவரியில்கூடப் பகலில் 15 டிகிரிக்குக் குறையாது என்று படித்தேன். அங்கே இருப்பவர்களோ வீட்டுக்குள் குளிர் தாங்கவில்லை, சுவரெல்லாம் பூஞ்சை, துணி காய்வதில்லை என்கிறார்கள். எதை நம்புவது? என்ன வாங்க வேண்டும்?

பதில்: இரண்டுமே உண்மைதான். ஜனவரி, பிப்ரவரியில் பகலில் 15–16 டிகிரி, இரவில் 9–10 டிகிரி இருக்கும். பனி பெய்வது பத்திரிகைச் செய்தியாகும் அளவுக்கு அபூர்வம். ஆண்டு மழை சுமார் 550 மி.மீ.தான், ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. வீடுகளோ கோடையை மனதில் வைத்துக் கட்டியவை. நீர் உறிஞ்சும் மஞ்சள் சுண்ணாம்புக்கல் சுவர், பழைய வீடுகளில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், சில்லென்ற டைல்ஸ் தரை. வெளியே வெயிலில் இதமாக இருக்கும் அதே 15 டிகிரி, உள்ளே அசையாமல் உட்கார்ந்திருப்பவரை நடுங்க வைக்கும்.

பூஞ்சைக்குக் காரணம் குளிர்ந்த சுவர். அறைக் காற்று 20 டிகிரியில், ஈரப்பதம் 70 சதவீதமாக இருந்தால், 14 டிகிரியை ஒட்டிய எந்தப் பரப்பிலும் நீர் படியும். வடக்குச் சுவரும் அலமாரியின் பின்புறமும் குளிர்காலத்தில் அந்த நிலைக்குப் போய்விடும். அலமாரியைச் சுவரிலிருந்து 5–10 செ.மீ. தள்ளிப் போடுங்கள்.

பலரும் தவறுவது ஜன்னல் விஷயத்தில். திறப்பதற்கு முன் காற்றின் திசையைப் பாருங்கள். மால்டாவில் அதிகம் வீசுவது வடமேற்குக் காற்று, மஜ்ஜிஸ்ட்ரால். அது 12 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தோடு உள்ளே வந்தாலும், 20 டிகிரிக்குச் சூடானதும் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். அன்று காலையும் மாலையும் பத்துப் பதினைந்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

ஷ்லொக் எனப்படும் தென்கிழக்குக் காற்று நேர் எதிர். சகாராவில் கிளம்பி, கடலைக் கடக்கும்போது நீரை அள்ளிக்கொண்டு வருகிறது. சில நாள் செந்தூசியும் சேர்ந்து வரும். மார்ச், ஏப்ரலில் அது 20 டிகிரியில் வீசும்போது வீட்டுச் சுவரும் தரையும் இன்னும் 15 டிகிரியில்தான் இருக்கும். ‘வெளியே வெதுவெதுப்பாக இருக்கிறதே’ என்று திறந்தால் டைல்ஸ் தரை ஐஸ் தண்ணீர் டம்ளர்போல வேர்த்துவிடும். அன்று எல்லாவற்றையும் மூடிவிட்டு, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையரை ஓட விடுங்கள். வடகிழக்குக் காற்றான கிரிகாலுக்கும் ஜன்னலைத் திறக்க வேண்டாம். 2019 பிப்ரவரியில் அது கடல் மீன்களையே தெருவில் கொண்டுவந்து போட்டது.

முதலில் வாங்க வேண்டியது, அறையின் ஈரப்பதத்தைக் காட்டும் விலை குறைந்த ஹைக்ரோமீட்டர். அடுத்தது டிஹியூமிடிஃபையர். பெட்டியில் ‘20 லிட்டர்’ என்று இருப்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு நாளைக்கு எடுக்கும் அளவு. 15 டிகிரி அறையில் அதில் பாதிகூடக் கிடைக்காது. அதனால் 10 லிட்டர் மாடலைத் தவிர்த்துவிடுங்கள். அதில் ஈரப்பத அளவை 55 சதவீதத்தில் வைத்தால் போதும். ஒரு மெஷின் துணியிலிருந்து இரண்டு லிட்டர் வரை நீர் அறைக்குள் வரும். ஆகவே துணியைச் சின்ன அறையில் போட்டு, கதவை மூடி, டிஹியூமிடிஃபையரை அங்கேயே வையுங்கள்.

சூட்டுக்கு, வீட்டில் இன்வெர்ட்டர் ஏசி இருந்தால் அதன் ஹீட் மோடே சிக்கனம். சிலிண்டர் வைத்த கேஸ் ஹீட்டரை வாங்காதீர்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி அறையில் சேரும், கார்பன் மோனாக்சைடு அபாயமும் உண்டு. அறையைச் சூடாக்கி, சுவரை நனைக்கும் வேலைதான் அது.

வீடு பார்க்கும்போது தெற்கு ஜன்னல் உள்ள மேல்மாடியைக் கேளுங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம்வரை மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். கல் உறிஞ்சிய நிலத்தடி ஈரத்தை மறைக்கத்தான் அது பெரும்பாலும். பிளாஸ்டிக் பெயின்ட் என்றால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சில மாதத்தில் உப்பு பூத்து உரிந்துவிடும். ம்சிடா, பிர்கிர்காரா பக்கம் தாழ்வான தெருக்களில் பெருமழைக்கு வெள்ளம் ஓடும், அங்கே தரைத்தளம் வேண்டாம்.

உடைக்கு, ஒரு கனமான கோட்டைவிட இரண்டு மெல்லிய ஸ்வெட்டரும் காற்றைத் தடுக்கும் மழைக்கோட்டும் மேல். குடையைக் காற்று திருப்பிவிடும். வீட்டுக்குள் போட ஒரு ஜோடி கனமான செருப்பையும் எடுத்துப் போங்கள்.