8 வரிகள் 11 ஆனால்

அன்புள்ள ஐயா,

அலுவலகத்தில் அறிக்கை தயாரிக்கும் வேலை எனக்கு. முதலில் எக்செல், பிறகு பவர் பிஐ, இப்போது பைத்தான் என்கிறார்கள். ஒன்று கைக்குப் பழகுவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. போதாக்குறைக்கு ஏஐ வேறு எல்லாவற்றையும் எழுதித் தருகிறது. எதைக் கற்றால் நிலைக்கும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொன்ன மூன்றிலும் அறிக்கை பிழையாவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: ஓர் அட்டவணையை இன்னொன்றோடு பொருத்தும் இடம். அதை, தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் (SQL) பழகுங்கள். 1974-இல் ஐபிஎம்மில் பிறந்து, 1986-இல் அமெரிக்கத் தரநிலையான மொழி. இன்னும் ஓய்வு பெறவில்லை.

இலவசமாகக் கிடைக்கும் எஸ்க்யூலைட் (SQLite) என்ற சிறிய தரவுத்தள மென்பொருள் போதும். வாடிக்கையாளர் அட்டவணையில் 5 வரிகள், ஆர்டர் அட்டவணையில் 8 வரிகள் போடுங்கள். வேண்டுமென்றே இரண்டு கோளாறுகளைச் சேருங்கள்: வாடிக்கையாளர் அட்டவணையில் ஓர் எண் இருமுறை வரட்டும், அவருக்கு 3 ஆர்டர்கள் இருக்கட்டும், வேறோர் ஆர்டரில் வாடிக்கையாளர் எண்ணே இல்லாமல் ‘நல்’ (NULL, அதாவது வெற்று மதிப்பு) ஆக இருக்கட்டும். மற்றவை ஒழுங்காகப் பொருந்தட்டும். எத்தனை வரிகள் வரும் என்று முதலில் தாளில் எழுதிவிட்டு ஓட்டுங்கள். இந்தப் படியைச் செய்யாமல் விட்டால் பயிற்சியே வீண்.

ஆர்டரிலிருந்து லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN: பொருந்தாவிட்டாலும் ஆர்டர் வரிகளை விட்டுவிடாத இணைப்பு) போட்டால் 11 வரிகள் வரும். இருமுறை உள்ளவரின் 3 ஆர்டர்கள் 6 ஆகிவிட்டன. விற்பனைத் தொகையும் அந்த அளவுக்கு ஊதியிருக்கும். இன்னர் ஜாயின் (INNER JOIN: பொருந்தும் வரிகளை மட்டும் தரும் இணைப்பு) என்றால் 10. நல் எதோடும் பொருந்தாது என்பதால் அந்த ஆர்டர் சத்தமில்லாமல் காணாமல் போகும். லெஃப்ட் ஜாயின் போட்டுவிட்டு, வலப்பக்க அட்டவணையின் ஊர் போன்ற நெடுவரிசைக்கு, முடிவை வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் நிபந்தனை வைத்தாலும் இதே கதிதான். நிபந்தனை, எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் ஆன் (ON) பகுதிக்குப் போகவேண்டும்.

இதே தரவை எக்செல்லில் தேடியெடுக்கும் சூத்திரமான விலுக்கப் (VLOOKUP) கொண்டு பொருத்துங்கள். 8 வரிகள் 8-ஆகவே இருக்கும். இதுதான் ஆபத்து: இரண்டில் முதலாவதை எடுத்துக்கொண்டு கமுக்கமாக இருந்துவிடும். சூத்திரத்தின் கடைசி இடத்தில் ஃபால்ஸ் (FALSE) கொடுக்க மறந்தால் தோராயமாகப் பொருத்தித் தவறான ஆளையே காட்டவும் கூடும்.

ஏஐ எழுதிய வரிகளையும் இந்தக் கோப்பின்மேல்தான் ஓட்டிப் பார்க்கவேண்டும். உங்கள் தரவில் எண் இருமுறை வருகிறது என்று நீங்கள் சொல்லாமல் அதற்கு எப்படித் தெரியும்?

புதுக் கருவிக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்பேன். பட்டன் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் வேலையோடு வேலையாகப் பழகிவிடும். அந்த 5 வரியையும் 8 வரியையும் மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த கருவியிலும் முதலில் ஏற்றவேண்டியது அவற்றைத்தான்.