சாப்ட்னர் இணைப்பில் சொட்டுகிறதா? கேள்வி பதில்

வீட்டு வாட்டர் சாப்ட்னரில் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) குழாய் வந்து சேரும் இடத்துப் பாகங்களை மாற்றுவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பைபாஸ் வால்வு (தண்ணீரைச் சாப்ட்னருக்குள் விடாமல் நேரே வீட்டுக்குத் திருப்பும் வால்வு) சாப்ட்னர் தலையோடு, அதாவது மேலே உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியோடு, சேரும் இடத்தில் சொட்டுகிறது. நட்டை எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை.

முதலில் இறுக்குவதை நிறுத்துங்கள். அங்கே தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். நட்டோ கிளிப்போ பாகம் வெளியே தள்ளிவிடாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் நட்டில் மயிரிழை விரிசல் விழும். ஒரு ரிங் செலவோடு போவது இரட்டிப்பாகும்.

வால்வை பைபாஸுக்குத் திருப்புங்கள். பழைய வால்வு முழுசாக மூடுமா என்று நம்ப முடியாது, அதனால் மெயின் வால்வையும் மூடிவிடுங்கள். பிறகு கையால் ரீஜெனரேஷனை (உப்புநீரால் சாப்ட்னர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் சுற்று) தொடங்கி, பேக்வாஷ் (தண்ணீர் எதிர்த்திசையில் ஓடிக் கழுவும்) நிலைக்கு வந்ததும் உள்ளே தேங்கிய அழுத்தம் வடிகால் வழியே போய்விடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே ஒரு வாளி வைத்துக் கழற்றுங்கள்.

இப்போது பழைய ஓ-ரிங்கை விரல்களுக்கு நடுவில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். சுற்றிலும் ஒரே அளவில் தட்டையாகியிருந்தால் வயசாகிவிட்டது, மாற்றினால் போதும். ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருக்கிறதா? அப்படியானால் சுவரிலிருந்து வரும் குழாய் இணைப்பைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருக்கிறது. கிளாம்ப் அடித்து அந்தக் குழாயின் பாரத்தைச் சுவரில் ஏற்றாமல் புது ரிங் போட்டால் அதுவும் அதே பக்கம் நசுங்கும். திரும்பத் திரும்ப ரிங் மாற்றுகிறேன் என்பவர்கள் பலருடைய கதை இதுதான்.

ரிங் உட்காரும் பள்ளத்தைத் துணியால் துடைத்து, நகத்தால் ஒரு சுற்று வருடிப் பாருங்கள். ஒரு மணல் துகளோ கீறலோ இருந்தாலும் போதும், சொட்டும்.

புது ரிங் உள்ளே போக மறுக்கிறது. வாசலின் தடவலாமா?

வேண்டாம். குடிநீர் இணைப்புகளில் நிறைய வருவது ஈபிடிஎம் ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊதிப்போகும். சமையல் எண்ணெயும் வேண்டாம். குடிநீருக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ், பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும். முறுக்காமல் நேராக அழுத்துங்கள்.

டெஃப்ளான் டேப் எல்லா மரையிலும் சுற்றலாமா?

குழாய் மரைக்கு மட்டும். தட்டை வாஷரோ ஓ-ரிங்கோ உள்ள நட்டில் டேப்புக்கு வேலையே இல்லை; நட் முழுசாக உட்காராமல் கெடுக்கத்தான் செய்யும். பிளாஸ்டிக் வாஷர் நட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. அதோடு கையை எடுத்துவிடுங்கள்.

முக்கால் இன்ச் அடாப்டர் நன்றாக ஏறியது, ஆனாலும் கசிகிறது. ஒரு இன்ச் அடாப்டர் இரண்டு மூன்று சுற்றிலேயே நின்றுவிட்டது.

ஒன்று பிஎஸ்பி மரை, இன்னொன்று என்பிடி மரையாக இருக்கும்; இரண்டும் குழாய் மரையின் வெவ்வேறு தர அளவுகள், முன்னது பிரிட்டிஷ், பின்னது அமெரிக்க. முக்கால் இன்ச்சில் இரண்டுக்குமே இன்ச்சுக்கு 14 மரை, அதனால் ஏறுவது போல ஏமாற்றும். மரையின் கோணம் வேறு: பிஎஸ்பிக்கு 55 டிகிரி, என்பிடிக்கு 60. ஒரு இன்ச் குழாயில் பிஎஸ்பிக்கு இன்ச்சுக்கு 11 மரை, என்பிடிக்கு 11.5; அங்கே வேஷம் கலைந்துவிடுகிறது. டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றிச் சரிக்கட்டப் பார்க்காமல், இரண்டையும் இணைக்கும் அடாப்டர் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே வரும் குழாயையும் வெளியே போகும் குழாயையும் மாற்றிப் பொருத்திவிட்டால்?

தண்ணீர் கீழிருந்து மேலே போய், ரெசின் மணிகளை (தொட்டிக்குள் தண்ணீரை மென்மையாக்கும் சின்ன மணிகள்) மேல் வடிகட்டியை நோக்கித் தள்ளும். அழுத்தம் குறையும், மணிகள் வீட்டுக் குழாய்க்குள்ளும் வரலாம். கழற்றும் முன் தலையில் உள்ள அம்புக்குறியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்புத் தொட்டிக்குப் போகும் குழாயின் எல்போவை (வளைவு இணைப்பு) மாற்றினேன். ஒரு சொட்டுக் கசிவும் இல்லை, ஆனால் உப்பு குறையவே இல்லை.

அந்தக் குழாய் தொட்டியிலிருந்து உப்புநீரை உறிஞ்சும் குழாய். ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும், உப்புநீர் ஏறாது. குழாய் முனையைக் கூரான பிளேடால் நேராக வெட்டி, உள்ளே செருகும் சின்ன பிளாஸ்டிக் குழல் இருக்கிறதா என்று பார்த்து, கடைசி வரை தள்ளிப் பொருத்துங்கள். அந்தக் குழலைப் பழைய எல்போவோடு குப்பையில் போட்டிருக்க வாய்ப்பு அதிகம்!

செப்புக் குழாயை நேரடியாக சால்டர் செய்யலாமா?

வால்வோடு சேர்த்து வேண்டாம், பிளாஸ்டிக் உருகும். அடாப்டரைத் தனியே சால்டர் செய்து, ஆறிய பிறகு பொருத்துங்கள். உலோகக் குழாய் வழியே எர்த் போகும் வீடாக இருந்தால் நடுவில் பிளாஸ்டிக் வந்ததும் தொடர்பு அறுந்துவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து இரு பக்கத்தையும் ஒயரால் இணைத்துவிடுங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. எப்படித் திறப்பது?

மெயினைத் திறந்து, பைபாஸை மெதுவாகப் பாதி திருப்பி, காற்று சீறி அடங்கும் வரை காத்திருங்கள். அப்புறம் முழுதாகத் திறக்கலாம். ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் சுற்றிவிட்டுப் போய்ப் படுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் காலையில் காகிதத்தில் தெரியும்.