ஆற்றங்கரையில் 400 வீடுகள்: கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்டீர்களா?

கேள்வி: முடிச்சூர் பக்கம் அடையாற்றை ஒட்டி வரப்போகும் ஒரு குடியிருப்பில் ஃபிளாட் பார்த்திருக்கிறோம். மொத்தம் 400 வீடுகள். சொந்த எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) உண்டு, எல்லா அப்ரூவலும் வாங்கியாச்சு, பாதாள சாக்கடையும் சீக்கிரம் வந்துவிடும் என்கிறார்கள். வெள்ளத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், எனக்குக் கழிவுநீர்தான் கவலை. புக்கிங் பணம் கட்டுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: எஸ்டிபி எந்த கம்பெனி, எந்த டெக்னாலஜி என்பதெல்லாம் அப்புறம். முதலில் ஒரே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: சுத்திகரித்த பிறகு மிஞ்சும் தண்ணீர், விடாமல் மழை பெய்யும் ஒரு நவம்பர் நாளில், எங்கே போகும்?

ஏன் இதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன் என்பதற்குக் கணக்கைப் பாருங்கள். வீட்டுக்கு 5 பேர் என்று வைத்தால் 2,000 பேர். திட்டமிடும்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வரும். ஆக தினமும் சுமார் 2,16,000 லிட்டர். இந்த 135 லிட்டரில் டாய்லெட் ஃபிளஷுக்கு மட்டும் 45 லிட்டர், அதைச் சுத்திகரித்த தண்ணீரிலேயே சமாளிக்கலாம், அதற்குத்தான் தனிக் குழாய் போடுகிறார்கள். அதில் 90,000 லிட்டர் போய்விடும். அரை ஏக்கர் தோட்டத்துக்கு ஒரு பத்தாயிரம் லிட்டர் போதும். மீதி? ஒரு லட்சத்துக்கும் மேல். ஒரு நாளுக்கு மட்டும்! 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் கிட்டத்தட்ட பத்து லோடு. மழைக்காலத்தில் தோட்டத்துக்கும் தண்ணீர் வேண்டாம், அது இன்னும் கூடும்.

இந்த மீதித் தண்ணீரைப் பற்றித் திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும், 'உபரி நீர் சாலையோர மரங்களுக்கும் பூங்காவுக்கும் பயன்படுத்தப்படும்' என்று. எந்தச் சாலை, யாருடைய மரம், யார் கொண்டுபோய் ஊற்றுவார்கள் என்று அதில் தேடாதீர்கள், இருக்காது. நடைமுறையில் அந்தத் தண்ணீர் மழைநீர் வடிகாலில் விழும், வடிகால் ஆற்றில் விழும். எஸ்டிபி ஒழுங்காக ஓடாத அன்றைக்குப் போவது சுத்திகரித்த தண்ணீராகவும் இருக்காது. அடையாறு இன்றைக்கு இருக்கும் நிலைக்கு இப்படிப்பட்ட சின்னச் சின்னக் குழாய்களும் ஒரு காரணம், இதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

பாதாள சாக்கடை 'வந்துவிடும்' என்பதை நம்பி வாங்காதீர்கள். மனை எந்த உள்ளாட்சியில் வருகிறது என்று முதலில் பாருங்கள். தாம்பரம் மாநகராட்சியா, ஊராட்சியா என்பதைப் பொறுத்து நிலைமை தலைகீழாக மாறும். கழிவுநீரை ஏற்றுக்கொள்கிறோம் என்று அந்த உள்ளாட்சியோ குடிநீர் வாரியமோ இந்தத் திட்டத்தின் பெயரைப் போட்டுக் கொடுத்த கடிதம் இருக்கிறதா? அதில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று அளவு இருக்கிறதா, இணைக்கப்போகும் குழாய் இன்று தரைக்கடியில் இருக்கிறதா அல்லது வரைபடத்தில் மட்டுமா? அளவில்லாத கடிதத்தை நான் கடிதமாகவே மதிப்பதில்லை.

ஆவணங்கள் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. 400 வீடு என்றால் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைச் சுலபமாகத் தாண்டும், அப்படியானால் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இந்த அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அந்த விண்ணப்பத்தைத் தேடி, நான் மேலே போட்ட கணக்கு மாதிரியே இருக்கும் தண்ணீர்க் கணக்கு அட்டவணையை எடுத்துப் பாருங்கள், வீடுகளின் எண்ணிக்கை இப்போது விற்பதோடு ஒத்துப்போகிறதா என்பதையும். அப்புறம் மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் இசைவாணை, அதாவது அனுமதி. இது இரண்டு கட்டம்: கட்டுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று. 'அப்ரூவல் வாங்கியாச்சு' என்று இப்போது சொல்வது முதலாவதாகத்தான் இருக்கும். இரண்டாவது கிடைக்காமல் குடியேற்றினால் எஸ்டிபி சரியாக ஓடுகிறதா என்று யாருமே பார்க்காத கட்டிடத்தில்தான் நீங்கள் குடியிருப்பீர்கள். மூன்றாவது, நீர்வளத் துறை கொடுத்த தடையின்மைச் சான்று. அதில் மனையின் தரைமட்டம் எவ்வளவு உயர வேண்டும் என்ற நிபந்தனையைப் படியுங்கள்.

தரைமட்டம் என்றதும் வெள்ளம் வந்துவிடுகிறது. நீங்கள் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறீர்கள், ஆற்றங்கரையில் இரண்டும் ஒன்றுதான். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அதற்குச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அந்த உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம், உங்கள் இடத்துக்குக் கீழே. உங்கள் பக்கம் வந்தது மேலே உள்ள ஏரிகளின் தண்ணீர். அதனால் 'இப்போதெல்லாம் ஏரியை முன்கூட்டியே திறந்துவிடுகிறார்கள்' என்ற சமாதானம் இங்கே செல்லாது. 2015-ல் தண்ணீர் எந்த அளவுக்கு நின்றது என்று பக்கத்துத் தெருவில் கேளுங்கள், சுவரில் கோடு காட்டுவார்கள்.

அந்தக் கோட்டின் உயரத்தை எஸ்டிபியின் மட்டத்தோடு ஒப்பிடுங்கள். இடம் மிச்சம் என்று பெரும்பாலும் பேஸ்மெண்ட்டில்தான் வைக்கிறார்கள். தொட்டிகள் கீழே இருக்கலாம், தவறில்லை. ப்ளோயர் (தொட்டிக்குள் காற்றை ஊதும் இயந்திரம்), மின்பலகை, ஜெனரேட்டர் இந்த மூன்றும் கோட்டுக்கு மேலே இருந்தே ஆக வேண்டும். ப்ளோயர் நின்றால் காற்று நிற்கும், காற்று நின்றால் கழிவைத் தின்னும் பாக்டீரியா செத்துப்போகும், பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். பம்ப் நின்றாலோ அதைவிட உடனடித் தொல்லை, மாடிகளில் ஃபிளஷ் செய்வது எல்லாம் தரைத்தளத்து டாய்லெட் வழியாக மேலே பொங்கும். ஆற்றுமட்டம் ஏறும்போது வெளிக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே திரும்பாமல் தடுக்க ஒருவழி வால்வு இருக்கிறதா, மேன்ஹோல் மூடிகள் நீர்புகாதவையா என்றும் கேளுங்கள். 'சோக் பிட் (தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் குழி) போட்டுவிடுவோம்' என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கும் ஆற்றங்கரையில் அது எதையும் உறிஞ்சாது, அக்கம்பக்கத்துக் கிணறுகளைக் கெடுக்கும்.

இன்னொரு விஷயம் யாரும் கேட்பதில்லை. முதல் ஒன்றிரண்டு வருடம் பெரும்பாலான வீடுகள் காலியாக இருக்கலாம். 400 வீட்டுக்குக் கட்டிய நிலையத்துக்கு 80 வீட்டுக் கழிவு வந்தால் பாக்டீரியாவுக்குத் தீனி போதாது, சரியாக ஓடாது, நாற்றம் அடிக்கும். நிலையத்தை இரண்டு பகுதியாகப் பிரித்துக் கட்டுவதுதான் வழி. பில்டர் அப்படிச் செய்யாமல் கழிவுநீரை லாரியில் ஏற்றி அனுப்பியே காலத்தை ஓட்டிவிட்டு, கடைசியில் அசோசியேஷன் தலையில் கட்டிவிட்டுப் போவதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். எஸ்டிபிக்குத் தனி மின்மீட்டர் கேளுங்கள், அது உண்மையில் ஓடுகிறதா என்பதை மாதாமாதம் ரீடிங்கே சொல்லிவிடும்.

தொட்டியைச் சுத்தம் செய்ய யாரும் உள்ளே இறங்க வேண்டிய தேவையே வராத மாதிரி அமைப்பு இருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஆளைப் பாதுகாப்பில்லாமல் இறக்குவதைத் தடை செய்கிறது, ஆனாலும் விஷவாயுவில் மனிதர்கள் சாகிறார்கள், அதில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் உண்டு. காற்றோட்டம் எப்படி, கசடை எந்த இயந்திரம் எடுக்கும் என்று கேட்க வெட்கப்படாதீர்கள். நீங்கள் குடியிருக்கப்போகும் இடத்தில் ஒருவர் உயிர் போகக் கூடாது.

சரி, நேரில் என்ன செய்யலாம்? இதே பில்டர் மூன்று நான்கு வருடம் முன்பு ஒப்படைத்த குடியிருப்புக்கு ஒரு நாள் போய் வாருங்கள். மாடல் ஃபிளாட்டைவிட அங்கே இருக்கும் எஸ்டிபி அறை நிறையச் சொல்லும். அசோசியேஷன் செயலாளரிடம் மாதம் எத்தனை கழிவுநீர் லாரி வருகிறது என்று மட்டும் கேளுங்கள்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு, ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வசதிகளிலோ குறை தெரிந்தால் பில்டர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும் என்கிறது. எஸ்டிபியும் அந்த வசதிகளில் ஒன்று. ஆனாலும் அதன் கொள்ளளவு, உபரி நீர் போகும் இடம், இயக்க இசைவாணை வந்த பிறகே ஒப்படைப்பு, இந்த மூன்றையும் விற்பனை ஒப்பந்தத்தில் தனியாக எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன விவரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், உபரி நீருக்கு அளவோடு ஒரு கடிதமும் எஸ்டிபியின் மட்டம் காட்டும் வரைபடமும் கைக்கு வரும்வரை நான் புக்கிங் பணம் கட்ட மாட்டேன்.