சந்தை நாள் பார்த்துப் போங்கள்

கேள்வி: லண்டன் பார்த்தாயிற்று. இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் பழைய சந்தை ஊர் ஒன்றைச் சுற்றிப் பார்க்க ஆசை. எங்கே போகலாம்?

பதில்: யோசிக்கவே வேண்டாம், ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் இருக்கும் லட்லோவுக்குப் போங்கள். ஷ்ரூஸ்பரி நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். திங்கள், புதன், வெள்ளி, சனியில் கோட்டை வாசலுக்கு எதிரிலேயே சந்தை கூடும். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அண்ணன் ஆர்தர் 1502இல் இறந்தது இந்தக் கோட்டையில்தான். அவர் பிழைத்திருந்தால் தம்பிக்கு ஏது அரியணை?

1619இல் கட்டிய ஃபெதர்ஸ் விடுதியின் மரச்சட்ட முகப்பை எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்களும் எடுங்கள், சரி. ஆனால் புனித லாரன்ஸ் தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். பாடகர் இருக்கைகளின் மடிப்புப் பலகைக்கு அடியில் குனிந்து பாருங்கள்: அளவில் ஏமாற்றிய பீர்க்காரியைப் பேய் ஒன்று தோளில் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு நரகத்துக்குப் போகிறது. அம்மணி அப்போதும் குவளையை விடவில்லை! சந்தை ஊருக்கு ஏற்ற சிற்பம்தான்.

தேவாலயக் கோபுரம் ஏற 200 படி. முட்டி வலி உள்ளவர்கள் அதை விட்டுவிட்டு பிராட் தெரு வழியாக டீம் ஆற்றுப் பாலம் வரை நடக்கலாம். போகும்போது இறக்கம், திரும்புகையில் மூச்சு வாங்கும், சொல்லிவிட்டேன்.